எம்5டி மெஷினின் ஓசி டிஸ்க்: மூன்று வருட அனுபவம்

பெருங்குடி ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, அமேசானின் வாடகை கம்ப்யூட்டர் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் மும்பை ரீஜனில் தினமும் மெஷின்களை எழுப்பி அழிப்பதுதான் என் வேலை. இரவு பில்டும் டெஸ்டும் ஸ்பாட் மெஷின்களில், அதாவது எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பிடுங்கப்படக்கூடிய மலிவு மெஷின்களில் ஓடும். ஒரு மெஷினின் ஆயுசு மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரம். அதற்குத் தனியாக இபிஎஸ் வால்யூம் (நெட்வொர்க் வழியே இணைக்கும், தனிக் காசு கட்ட வேண்டிய டிஸ்க்) எதற்கு என்றுதான் எம்5டி.லார்ஜ் என்ற மெஷின் வகைக்கு மாறினோம். பெயரில் அந்த ‘டி’ இருந்தால் கூடவே என்விஎம்இ டிஸ்க் வரும்; மெஷினோடு சேர்ந்தே இருக்கும் வேகமான லோக்கல் டிஸ்க் அது. லார்ஜில் 75 ஜிபி. டிஸ்க்கின் வாடகை, மெஷின் விலையிலேயே அடக்கம்.

இபிஎஸ் ஜிபி3 வகை, கூடுதல் காசு கட்டாவிட்டால் வினாடிக்கு 125 எம்பி, 3000 ஐஓபிஎஸ் (வினாடிக்கு எத்தனை முறை படிக்கவோ எழுதவோ முடியும் என்ற கணக்கு) தரும். டாக்கர் இமேஜை (புரோகிராமும் அதற்குத் தேவையானவையும் அடங்கிய பொதி) விரிக்கும்போதும் லட்சக்கணக்கில் குட்டி ஃபைல்களை எழுதும்போதும் அது திணறியது. லோக்கல் டிஸ்கில் அந்தப் பேச்சே இல்லை. 75 ஜிபி நிறைந்தால் மட்டும் கஷ்டம், பெரிதாக்க முடியாது.

மாட்டிக்கொண்டது ஒரு வெள்ளிக்கிழமை. லோட் டெஸ்டுக்கு ஒரு ஆன்-டிமாண்ட் மெஷின், அதாவது இடையில் பிடுங்கப்படாத முழு விலை மெஷின். ரிசல்ட் முழுக்க அதன் லோக்கல் டிஸ்கில். வெளியே நல்ல மழை, ஓஎம்ஆரில் தண்ணீர் தேங்குவதற்குள் கிளம்ப வேண்டும். சனி, ஞாயிறு பில் ஏறுமே என்று மெஷினை ஸ்டாப் செய்துவிட்டு ஓடினேன்.

திங்கள் காலை ஜூனியர் பையன், “அண்ணா, மெஷினை ஆன் பண்ணிட்டேன், உள்ளயே போக முடியல” என்றான். பூட்டின்போது எந்த டிஸ்க்குகளை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில், டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும் என்கிற ‘நோஃபெயில்’ சொல்லை நான் போடவில்லை. பழைய டிஸ்க்கைத் தேடி, பூட் பாதியில் நின்றிருந்தது. சரிசெய்து பார்த்தால் டிஸ்க் வெறுமை. ஃபைல் சிஸ்டம்கூட இல்லை.

ரீபூட் செய்தால் டேட்டா இருக்கும், ஸ்டாப் செய்தால் போய்விடும். டிஸ்கில் இருப்பது என்க்ரிப்ட் ஆனது. ஸ்டாப்போடு சாவியும் அழியும். எவரிடம் கெஞ்சியும் பிரயோஜனமில்லை. ஏடபிள்யூஎஸ் ஆவணத்தில் தெளிவாகவே போட்டிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. அந்த டெஸ்டை மறுபடி ஓட்ட ஒன்றரை நாள் ஆனது.

இப்போது ஒவ்வொரு பூட்டிலும் ஸ்கிரிப்டே டிஸ்க்கை ஃபார்மேட் செய்து மவுன்ட் செய்யும். ஸ்பாட் மெஷினைப் பிடுங்கும் முன் 2 நிமிடம்தான் அவகாசம் என்பதால், ரிசல்ட் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏடபிள்யூஎஸ்ஸின் நிரந்தர ஃபைல் சேமிப்பான எஸ்3-க்குப் போகிறது. மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடான அஸூரில் பல மெஷின்களின் தற்காலிக டிஸ்கிலேயே, டேட்டா போய்விடும் என்று எச்சரிக்கும் ரீட்மீ ஃபைல் ஒன்று இருக்கும். முதலில் பார்த்தபோது சிரித்தேன்.

அப்புறம் ‘டேட்டா’ என்றிருந்த ஃபோல்டரின் பெயரை ‘குப்பை’ என்று மாற்றினேன். அதில் இதுவரை யாரும் ரிசல்ட் வைக்கவில்லை.