270 மீட்டரா, 660 மீட்டரா? ஏசி/20-க்கு எதிரே காஸ் ரைஃபிள்

'மெக்' எனும் ராட்சத ரோபோக்களை ஓட்டிச் சண்டையிடும் கணினி விளையாட்டான மெக்வாரியர் ஆன்லைனில் இந்த இரண்டு ஆயுதங்களுக்கும் எடை ஏறக்குறைய ஒன்றுதான். ஏசி/20 என்ற ஆட்டோகேனன் பீரங்கி 14 டன், காந்த விசையால் குண்டை எறியும் காஸ் (Gauss) ரைஃபிள் 15 டன். முதலாவது 20 டேமேஜ், ரேஞ்ச் 270 மீட்டர். இரண்டாவது 15 டேமேஜ், ரேஞ்ச் 660 மீட்டர். ஐந்தே ஐந்து டேமேஜை விட்டுக்கொடுத்தால் இரண்டரை மடங்கு தூரம் கிடைக்கிறது. இது நியாயமா?

இந்த எண்கள் 1984-இல் தொடங்கிய பேட்டில்டெக் பலகை விளையாட்டின் வழியில் வந்தவை. அங்கே ஒரு அறுகோணக் கட்டம் 30 மீட்டர். ஏசி/20 9 கட்டம் பாயும், காஸ் 22 கட்டம். ஆனால் தூரம் அங்கே இலவசமில்லை. சாதாரண பைலட் ஒருவர் கிட்டத்தில் சுட, இரண்டு பகடையில் 4 விழுந்தால் போதும். நடுத்தூரத்துக்கு 6, தொலைவுக்கு 8 வேண்டும். 36 வாய்ப்புகளில் முறையே 33, 26, 15. பட்டாலும் குண்டு கையில் படுமா காலில் படுமா என்பதையும் பகடையே சொல்லும்.

கணினிக்கு வந்ததும் பகடை போய் மவுஸ் வந்தது. குறி தப்பாதவருக்கு 600 மீட்டரும் 60 மீட்டரும் ஒன்றுதான். நாலு குண்டையும் ஒரே இடத்தில் இறக்கிவிடுவார். கவசத்தையும் உள்கட்டமைப்பையும் இரட்டிப்பாக்கியும் அந்தப் பிரச்சினை தீரவில்லை. பகடை வாங்கிக்கொண்டிருந்த விலையை வேறு எங்காவது வாங்கியாக வேண்டியிருந்தது.

ஒரு வழி, தூரம் கூடக் கூட டேமேஜைக் குறைப்பது. ஏசி/20 270 மீட்டரில் நின்றுவிடுவதில்லை, அதற்கப்பால் படிப்படியாக வலுவிழக்கும். ஆரம்பத்தில் மூன்று மடங்கு தூரத்தில்தான் பூஜ்யமாகும். பிறகு அதை இரண்டு மடங்காக்கினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏசி/20-இன் அடி காஸுக்குச் சமமாக 15-க்கு இறங்கும் இடம் முன்பு 405 மீட்டர், பிறகு சுமார் 337. உண்மையான எல்லைக்கோடு அதுதான். ஆயுதப் பட்டியலில் 270 என்று மட்டும் பார்த்து ஏசி/20-ஐ ஒதுக்குபவர்கள் இந்த 67 மீட்டரை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு வழி ஹீட், அதாவது சுடும்போது மெக்கில் ஏறும் சூடு. பலகைக் கணக்கில், துகள் கற்றையைப் பாய்ச்சும் பிபிசி (PPC) ஒன்று 7 டன், 10 டேமேஜ். இரண்டை மாட்டினால் ஏசி/20-இன் எடையில் அதே 20 டேமேஜ், அதுவும் 540 மீட்டர் வரை, குண்டுச் செலவே இல்லாமல். ஆனால் ஏசி/20-க்கு 7 ஹீட் என்றால் இவற்றுக்கு 20. எஞ்சிய 13-ஐத் தணிக்கச் சாதாரண ஹீட் சிங்க் 13 டன் ஏற்ற வேண்டும். நல்ல விலைதான். காஸ் விஷயத்தில் இது எடுபடாது, அதன் ஹீட் வெறும் 1.

அதனால்தான் காஸுக்கு 0.75 விநாடி சார்ஜ் வைத்தார்கள். பட்டனை அழுத்திப் பிடித்து, நிரம்பியதும் விட வேண்டும். அது வந்தபோது பலரும் கொதித்தார்கள். எனக்கு இந்த விளையாட்டின் மிகச் சிறந்த பேலன்ஸ் முடிவு அதுதான்.

50 டன் ஹன்ச்பேக் மெக் ஒன்று ஏசி/20-உடன், மணிக்கு 64.8 கிலோமீட்டர் வேகத்தில் காஸ்காரரை நோக்கி ஓடிவருகிறது. 660-இலிருந்து 270-ஐ எட்ட ஏறக்குறைய 21.7 விநாடி. காஸ் ரீலோடு 5 விநாடி என்று வைத்துக்கொள்வோம். சார்ஜ் இல்லாவிட்டால் அதற்குள் ஐந்து அடி, 75 டேமேஜ். சார்ஜ் சேர்ந்தால் நாலே அடி, 60. ஏசி/20 இருக்கும் வலது மார்பு, கூடுதல் சலுகைகள் எதுவும் இல்லாமல், முன்கவசம் 40-ம் உள்கட்டமைப்பு 24-ம் சேர்த்து 64 தாங்கும்.

நாலும் ஒரே இடத்தில் விழுந்தாலும் 4 டேமேஜ் மிச்சத்தோடு ஹன்ச்பேக் 270-ஐத் தொட்டுவிடும், துப்பாக்கி உயிரோடு இருந்தால். நடுவில் ஒரு பாறை மறைவு கிடைத்தால் இன்னும் நல்லது. ஆல்பைன் பீக்ஸ் மாதிரித் திறந்தவெளி மேப்பில் அது அரிது. ரிவர் சிட்டி மேப்பின் தெருக்களிலோ காஸ்காரருக்கு அந்த 660 மீட்டர் பார்வையே கிடைப்பது கடினம்.