அதிகாலை 5 மணி என்று விற்றார்கள், 8 மணிக்குக் கிளப்பினார்கள்: வசந்தகால ஸ்கீ டூரிங்குக்குப் பணம் கட்டப்போகிறவர்கள் கவனத்துக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. ஏப்ரல், மே மாதங்களில் உயரமான மலையில் ஸ்கீ டூரிங் போக யாரிடமாவது முன்பணம் கட்டப்போகிறீர்கள் என்றால் அதற்கு முன்னால் படித்துவிடுங்கள். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இந்தப் பெயர் கெட்டுப்போனால் அடுத்த வருடம் வேறு பெயரில் கடை விரிப்பார்கள். என்னை எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தாலே உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. லிஃப்ட் இல்லாத மலையில், ஸ்கீ என்ற சறுக்குப்பலகையின் அடியில் ஸ்கின் என்ற ரோமப்பட்டையை ஒட்டிக்கொண்டு நாமே நடந்து ஏறி, உச்சியில் அதை உரித்து மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சறுக்கி இறங்குவதுதான் ஸ்கீ டூரிங். வசந்தகாலத்தில் இதற்கு ஒரு கடிகாரம் உண்டு. வானம் தெளிந்த இரவில் பனி தன் சூட்டையெல்லாம் மேலே விட்டுவிட்டுக் கல்லாக இறுகிவிடும். மேகம் போர்த்திய இரவில் அந்தச் சூடு வெளியே போகாது, பனியும் சரியாக உறையாது. காலையில் வெயில் முதலில் கிழக்குச் சரிவில் விழும், பிறகு தெற்கு, கடைசியாக மேற்கு. உறைந்த மேல்பரப்பு ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் இளகியிருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் இறங்கினால் வெண்ணெயில் கத்தி போவது மாதிரி இருக்கும். கார்ன் ஸ்நோ என்பார்கள், இதற்காகத்தான் ஆள்கள் பித்துப்பிடித்து அலைகிறார்கள். அந்த நேரம் தாண்டினால் உள்ளே தண்ணீர் இறங்கி மொத்தப் பனியும் கஞ்சியாகிவிடும். பிறகு பனிச்சரிவு கழன்று வரலாம், 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவில் யாரும் இருக்கக்கூடாது.

அதாவது இந்தப் பயணத்தில் நாம் காசு கொடுத்து வாங்குவதே நேரத்தைத்தான். கைடின் அனுபவம், உயரத்தில் இருக்கும் ஹட் என்ற மலைத் தங்குகுடிலில் படுக்கை, விடியுமுன் எழுப்பிவிடுவது எல்லாம் சேர்ந்து அந்த நேரத்தை நமக்கு வாங்கித் தருகின்றன. எனக்குக் கிடைக்காமல் போனதும் அதுதான்.

அவர்கள் அனுப்பிய திட்டத்தில் இருந்தது இது: 5 நாள், 4 இரவு, உயரமான ஹட்டுகளில் தங்கல், தினமும் அதிகாலை 4 மணிக்கு எழுப்பி 5 மணிக்குப் புறப்பாடு, 4 பேருக்கு ஒரு அங்கீகாரம் பெற்ற கைடு, பாதுகாப்புக் கருவிகள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. முழுப் பணமும் முன்கூட்டியே. கட்டினேன்.

முதல் மாலையே 4 பேர் 7 பேர் ஆகியிருந்தோம். கைடு ஒருவர்தான். பழகுவதற்கு நல்ல மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். ஐஎஃப்எம்ஜிஏ அட்டையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். 1965இல் தொடங்கிய பன்னாட்டு மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பு அது. அதன் தகுதியைப் பெறப் பாறை, பனிக்கட்டி, ஸ்கீ மூன்றிலும் பல வருடப் பயிற்சியும் தேர்வும் உண்டு, புகைப்படம் ஒட்டிய அட்டையும் உண்டு. "ஆபீஸில் இருக்கிறது" என்றார். மூன்றாம் நாள்தான் உண்மை வெளியே வந்தது. அவர் ரிசார்ட்டில் ஸ்கீ சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர், அந்த வாரத்துக்கு மட்டும் இவர்களிடம் வேலைக்கு வந்தவர். நன்றாக ஸ்கீ ஓட்டுவார், ஆனால் கிரெவாஸ் பிளவுகள் ஒளிந்திருக்கும் பனியாற்றில் ஆள்களைக் கூட்டிப்போவது வேறு தொழில். நான் செய்திருக்க வேண்டியது ரொம்பச் சுலபம்: பணம் கட்டும் முன்பே கைடின் முழுப்பெயரைக் கேட்டு வாங்கி, அந்த நாட்டு வழிகாட்டிகள் சங்கத்தின் பட்டியலில் தேடியிருக்கலாம். பெயரைச் சொல்ல இழுத்தடிக்கிறார்கள் என்றால் இன்னும் ஆளே பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது கருவிகள். ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கொண்டுவந்து நடுவில் கவிழ்த்தார்கள். பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உடம்பில் கட்டிக்கொள்ளும் சிக்னல் கருவிதான் பீக்கன், என் கைக்கு வந்ததன் வார் நூல்நூலாகப் பிரிந்திருந்தது. பேட்டரி மூடியைத் திறந்தால், சுருள்கம்பியைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்த மாதிரி ஒரு படிவு. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. பேட்டரி கசிந்து காய்ந்த தடம் அது. ஆன் செய்தேன், விளக்கு எரிந்தது. "வேலை செய்கிறதே" என்றார்கள். எரிவது விளக்கு, சிக்னல் போகிறதா என்பது பக்கத்தில் இன்னொரு பீக்கனைத் தேடல் நிலையில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். எந்தக் கம்பெனி பீக்கனாக இருந்தாலும் 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசைதான், அதனால் ஒன்று மற்றதைக் கண்டுபிடித்தாக வேண்டும். தினமும் புறப்படும் இடத்திலேயே ஒவ்வொருவராக நடக்கவிட்டு இதைச் சோதிப்பது இந்த விளையாட்டின் அரிச்சுவடி. நான் போன 3 நாளில் ஒருநாள்கூட எங்களுக்கு அது நடக்கவில்லை.

பனிக்குள் புதைந்தவருக்கு முதல் 10 நிமிடம்தான் உயிர் மிச்சம். அதற்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள், அதைத் தாண்டினால் வாய்ப்பு மளமளவென்று சரிகிறது. அந்த 10 நிமிடத்தில் வெளியிலிருந்து எந்த மீட்புக் குழுவும் வராது, பக்கத்தில் இருக்கும் கூட்டாளியின் பீக்கனும், பனியில் குத்தித் தேடும் புரோப் என்ற நீளக் கம்பியும், தோண்டும் ஷவலும்தான். இதெல்லாம் தெரிந்திருந்தும் அந்த இடத்தில் நான் பெரிதாக வாய் திறக்கவில்லை. 6 பேர் அமைதியாக மாட்டிக்கொள்ளும்போது நான் ஒருவன் மட்டும் ஏன் கலாட்டா செய்ய வேண்டும் என்ற கூச்சம். அது என் தப்பு.

ஷவல் பிளாஸ்டிக். ஓடி வந்து நின்ற பனி சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும், அதில் பிளாஸ்டிக் வளையும் அல்லது உடையும். உலோகத் தகடு வேண்டும். ஸ்கின்னின் பசை செத்துப்போய், இரண்டாம் நாள் பாதி ஏற்றத்தில் வால்பக்கம் உரிந்து காற்றில் படபடத்தது, டேப் சுற்றி ஓட்டினேன். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்கீ கிராம்பான் மட்டும் பொறுக்க முடியாதது. உறைந்த சரிவில் குறுக்கே நடக்கும்போது பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்குக்குக் கீழே மாட்டும் பல்வைத்த தகடு அது, வசந்தகாலக் காலைகளில் அது இல்லாமல் பிழைப்பு ஓடாது. கேட்டால் "தேவைப்படாது" என்றார்கள். உண்மை என்னவென்றால் அவர்களிடம் இருந்தவை எங்கள் பைண்டிங்குக்குப் பொருந்தவில்லை. பைண்டிங் கம்பெனிக்குக் கம்பெனி அதை மாட்டும் இடம் மாறும், ஸ்கீயின் அகலத்துக்குத் தக்க அளவும் மாறும். ஆனை வாங்கியவன் அங்குசம் வாங்காத கதை. இரண்டாம் நாள் காலை நிழலில் கிடந்த ஒரு வடக்குச் சரிவில், கண்ணாடி மாதிரிப் பனியில் ஸ்கீயின் விளிம்பை மட்டும் நம்பி 40 நிமிடம் நடந்தோம். கீழே பார்க்கக்கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

இப்போது நேரத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் நாள் இரவு நாங்கள் ஹட்டில் இருந்திருக்க வேண்டும். "ஹட் நிரம்பிவிட்டது" என்று சொல்லிப் பள்ளத்தாக்கில் ஒரு விடுதியில் படுக்க வைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் வண்டி வந்தது 7 மணிக்கு, ஸ்கீ மாட்டியது 8 மணிக்கு. ஹட்டிலிருந்து கணவாய்க்கு ஏற்றம் 700 மீட்டர்தான். பள்ளத்தாக்கிலிருந்து 1,400. நல்ல உடம்புள்ள குழு மணிக்கு 300லிருந்து 400 மீட்டர் ஏறும், 7 பேர் கொண்ட கலவையான குழு அதைவிட மெதுவாகத்தான் போகும். கணக்கு ஒன்றும் பெரிய கணக்கில்லை. 5 மணிக்கு ஹட்டிலிருந்து கிளம்பியிருந்தால் ஏழரை எட்டுக்கு மேலே இருந்திருப்போம், பனி இளகும்வரை உட்கார்ந்து காத்திருக்கக்கூட நேரம் இருந்திருக்கும். இப்படிப் போனதில் கணவாயில் நின்றபோதே மத்தியானம்.

"மணி என்னடா?" என்றான் கூட வந்த நண்பன். பன்னிரண்டே முக்கால்.

அன்றைய பனிச்சரிவு அறிக்கையை விடுதிச் சுவரில் காலையிலேயே பார்த்திருந்தேன். 1 முதல் 5 வரையான ஆபத்து அளவுகோலில் காலைக்கு 1, மதியத்துக்கு 3. வசந்தகாலத்தில் இப்படி ஒரே நாளுக்கு இரண்டு படம் போடுவார்கள், இரண்டாவது படம்தான் முக்கியம். நாங்கள் சரியாக அந்த இரண்டாவது படத்துக்குள் இறங்கப் போகிறோம் என்றேன். "நான் முன்னால் போகிறேன், என் தடத்திலேயே வாருங்கள்" என்றார் கைடு. சரிவு தென்கிழக்கு பார்த்தது. காலையிலிருந்து வெயில் குடித்திருந்தது.

முதல் திருப்பத்திலேயே ஸ்கீ கணுக்கால்வரை இறங்கியது. பாறை ஓரங்களிலிருந்து பனி உருண்டைகள் தாமாகவே கழன்று, பாய் சுருட்டுவதுபோல் சுருண்டுகொண்டே கீழே ஓடின. மலை அதற்குமேல் வாயைத் திறந்து சொல்லாது. மூன்றாவது ஆள் திரும்பிய இடத்தில் அவருக்குக் கீழிருந்து ஒரு கீற்று கழன்றது. பெரிய சத்தம் எதுவும் இல்லை, ஈர மணலை லாரியிலிருந்து சரிப்பதுபோல் ஒரு உஸ்ஸ். ஓடுகிற மனிதனின் வேகம்தான் இருக்கும். விசிறியாக அகன்று கீழே போய், இரண்டாவதாக இறங்கி ஒதுங்கி நின்றிருந்த பெண்மணியின் முழங்கால்வரை நிரம்பி நின்றது. நின்ற நொடியில் கல். அவரால் காலை அசைக்கவே முடியவில்லை. பிளாஸ்டிக் ஷவலால் கொத்திக் கொத்திப் பூட்ஸை வெளியே எடுக்க ஏறக்குறைய கால்மணி நேரம் ஆனது. ஒரு ஷவலின் முனை உடைந்தது. முழங்கால் சுளுக்கோடு போயிற்று. தலைவரை மூடியிருந்தால் அந்தக் கால்மணி நேரத்துக்கு என்ன அர்த்தம் என்று அன்று இரவு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மிச்சம் 2 நாளும் நான் போகவில்லை.

திரும்பி வந்து பணம் கேட்டேன். "மலையின் நிலைமையைப் பொறுத்துத் திட்டம் மாறும்" என்ற விதிமுறையைக் காட்டிக் கையை விரித்தார்கள். அந்த விதிமுறை நியாயமானதுதான், புயல் வந்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் என் விஷயத்தில் மாறியது மலை இல்லை. ஹட்டின் காப்பாளருக்கே போன் செய்து கேட்டேன். அந்த வாரம் படுக்கைகள் காலியாக இருந்தன, இந்த நிறுவனத்தின் பெயரில் முன்பதிவே கிடையாது என்றார். ஹட் காசை மிச்சம் பிடிக்க எங்கள் 3 மணி நேரத்தை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் சங்கதி. காப்பாளரிடம் அதையே மின்னஞ்சலில் எழுதி வாங்கி, பீக்கன் பேட்டரிப் பெட்டியின் படம், உடைந்த ஷவலின் படம், முதலில் அனுப்பிய திட்டம் எல்லாவற்றையும் சேர்த்து கார்டு வங்கியிடம் புகார் கொடுத்தேன். 2 மாதம் கழித்துப் பாதிப் பணம் வந்தது. பேசி முடித்ததெல்லாம் போனில் என்றால் அந்தப் பாதியும் வந்திருக்காது. ஹட் முன்பதிவு உறுதிச் சீட்டின் நகல், கைடின் பெயர், புறப்படும் நேரம் மூன்றையும் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. போன வாரம் அவர்கள் பக்கத்தில் இந்த வருட விளம்பரம் வந்திருக்கிறது. அட்டைப்படம் எங்கள் குழுதான், கணவாயில் வரிசையாக நின்று சிரிக்கிறோம். எடுக்கச் சொல்லி எழுதினேன். என்னை மட்டும் ஓரமாக வெட்டிவிட்டு அதே படத்தைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். கீழே "விடியற்காலைப் பயணங்கள்" என்று எழுத்து. படத்தில் 6 பேரின் நிழலும் அவரவர் காலடியிலேயே குட்டையாகக் கிடக்கிறது.