மஞ்சள் விளக்கின் வாக்கு

நண்பர் ஒருவர் பழைய டீசல் பிக்கப் ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறார். "கடுங்குளிரில் உன் வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறதா?" என்று கேட்டார். ஆமாம், இல்லை என்று முடித்திருக்கலாம். ஆனால் அந்த வண்டியோடு எனக்கிருந்த சண்டை போன வாரம்தான் ஓய்ந்தது. கம்பளித் தொப்பியில் டீசல் நாற்றம் இன்னும் போகவில்லை. எனவே கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

11 ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் வண்டி. நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது. எவ்வளவு ஏற்றினாலும் முணுமுணுக்காமல் இழுக்கும். என் வழக்கெல்லாம் டாஷ்போர்டில் சுருள் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கோடுதான்.

சாவியைத் திருப்பியதும் எரியும், சில நொடிகளில் அணையும். அணைந்துவிட்டால், ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக் சூடாகிவிட்டது, இனி செல்ஃப் அடிக்கலாம் என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். ஆனால் என் வண்டியில் அதை அணைப்பது ஒரு டைமர். இன்ஜினுக்குள் ஓடும் கூலன்ட் திரவம் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்த்து, இத்தனை நொடி என்று கணக்குப் போட்டு அணைத்துவிடும். பிளக் சூடானதா, உயிரோடாவது இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. நான்கு பிளக்கையும் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினாலும் அதே மரியாதையோடு எரிந்து அதே மரியாதையோடு அணையும்.

மிதமான குளிரில் இந்தப் பொய் வெளியே வராது. ஒரு பிளக் போனால் முதல் அரை நிமிடம் இன்ஜின் நொண்டும், கொஞ்சம் வெள்ளைப் புகை விடும், பிறகு சரியாகிவிடும். 'வயதான வண்டி, அப்படித்தான்' என்று நாமே அதற்குச் சமாதானம் சொல்லிக்கொள்வோம். அடுத்த ஆண்டு இரண்டாவது பிளக் போகும். இப்படி ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்க, விளக்கு மட்டும் எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

மைனஸ் 26 டிகிரி காலை ஒன்றில் கணக்கு தீர்ந்தது. செல்ஃப் மோட்டார் இருமல்காரரைப் போல நாலு முறை முக்கிவிட்டு நின்றது. ஒரு மெக்கானிக் அதைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றினார். இன்னொருவர் பேட்டரியை மாற்றச் சொன்னார். இருவர் பேச்சையும் கேட்டேன். இப்போது செல்ஃப் கம்பீரமாகச் சுற்றியது, வெள்ளைப் புகையும் தாராளமாக வந்தது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. அந்தப் புகை வேறொன்றுமில்லை, எரியாத டீசல். விளக்கு அன்றும் சரியான நேரத்தில் அணைந்தது.

பேட்டரி மாற்றியதை வீண் என்று சொல்லமாட்டேன். மைனஸ் 18 டிகிரியில் நல்ல பேட்டரியின் வலுவே ஏறத்தாழ பாதியாகிவிடும். அதே நேரத்தில் ஆயில் பாகு போலக் கெட்டிப்பட்டு இன்ஜினைச் சுற்ற இரட்டிப்பு வலு கேட்கும். 15டபிள்யூ40 ஆயிலை, குளிரில் அவ்வளவு கெட்டிப்படாத 5டபிள்யூ40 ஆக மாற்றியபோது அந்த வித்தியாசம் காதுக்கே கேட்டது. ஆனால் என் நோய் அங்கே இல்லை. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை 20 மடங்குக்கும் மேல் நெருக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். உறைந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியே காற்றும் நழுவுகிறது. இந்த இடத்தில் கைகொடுக்கத்தான் ஹீட்டர் பிளக்.

கடைசியில் நானே பானெட்டைத் திறந்தேன். நான்கு பிளக்கையும் இணைக்கும் பட்டைக் கம்பியைக் கழற்ற வேண்டும். சிறிய நட்டு, மரத்துப்போன விரல். ஒரு நட்டு பனிக்குள் விழுந்துவிட்டது. விழுந்த சத்தமும் இல்லை, விரலுக்கும் தெரியவில்லை. டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பை பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டி, முனையை ஒவ்வொரு பிளக் தலையிலும் வைத்தேன். பிளக் உயிரோடு இருந்தால் லேம்ப் எரியும். முதலாவதில் எரிந்தது. இரண்டாவது, இல்லை. முனையைச் சுரண்டிவிட்டு மறுபடி வைத்தேன், இல்லை. மூன்று, நான்கு, இரண்டிலும் இல்லை. இத்தனை நாளும் ஒற்றைப் பிளக்கின் தயவில் ஓடியிருக்கிறேன்! இரண்டு நிமிட வேலை. இரண்டு மெக்கானிக்குகளும் செய்யவில்லை. சொல்லப்போனால் 11 ஆண்டுகளில் நானும் செய்யவில்லை.

பிளக்கைக் கழற்றுவதாக இருந்தால் பிளாக் ஹீட்டரை (இன்ஜினையே சூடாக்கும் மின்சார ஹீட்டர்) மூன்று மணி நேரமாவது போட்டு இன்ஜினைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த நிலையில் முறுக்கினால் முறிந்து உள்ளேயே தங்கிவிடும். என் நான்காவது பிளக்கின் நுனி வீங்கியிருந்தது. அது வெளியே வரும்வரை நான் மூச்சு விட்டேனா என்பதே சந்தேகம். அவசரத்துக்கு ஈதர் ஸ்பிரே அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிளக் சூடாக இருக்கும்போது அடித்தால் நேரம் தவறிப் பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைத்துவிடும்.

புதுப் பிளக் நான்கும் போட்ட மறுநாள் மைனஸ் 24. பிளாக் ஹீட்டர் போடவில்லை, வேண்டுமென்றேதான். செல்ஃப் இரண்டு சுற்று சுற்றியதும் பிடித்துக்கொண்டது. கதவைத் திறந்துவைத்து அந்தக் கடகடச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். மனைவி ஜன்னல் வழியே பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். இவ்வளவும் படித்த பிறகும் ஆசை விடவில்லை என்றால், விலை பேசும் முன் நான்கு பிளக்கையும் சோதியுங்கள். விளக்கைப் பார்க்கவே பார்க்காதீர்கள். "அப்படியானால் உன் வண்டியையே கொடுத்துவிடேன்" என்கிறார். அது முடியாது. டெஸ்ட் லேம்ப் வேண்டுமானால் இரவல் தருகிறேன்.