சைக்கிள்ல போறவங்களுக்கு எந்த ஊரு: காரைக்குடியா, புதுக்கோட்டையா?

எனக்கு வேலை திருமயத்துல. அங்கருந்து வடக்க சுமார் 20 கிலோமீட்டர் போனா புதுக்கோட்டை, தெக்க அதே தூரம் வந்தா காரைக்குடி, ரெண்டு பக்கமும் பஸ் இருக்கு. ஊருக்குள்ள கடைக்கு, பஸ்ஸ்டாண்டுக்கு, கோயிலுக்கு எல்லாத்துக்கும் சைக்கிள்தான், அதனால வீடு பாக்கும்போது வாடகைய விட சைக்கிள்தான் பெரிய கேள்வியா இருந்துச்சு. சில வருஷம் புதுக்கோட்டையில இருந்தேன், இப்ப காரைக்குடிக்கு வந்தாச்சு, திரும்பிப் போற எண்ணம் இல்ல.

சைக்கிள்னு பேச்செடுத்தா ரெண்டு ஊர்க்காரங்களும் விட்டுக்கொடுக்க மாட்டாங்க. புதுக்கோட்டைக்காரங்க உடனே அறிவொளி எழுத்தறிவு இயக்கத்த எடுப்பாங்க, எடுக்கத்தான் வேணும். 1991ல அந்த இயக்கம் நடந்தப்ப கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்துப் படிக்கிறதோட சைக்கிள் ஓட்டக் கத்துக்கிறதையும் சேத்துட்டாங்க, 1992 மகளிர் தினத்தன்னைக்கு 1,500 பொம்பளைங்களுக்கு மேல ஹேண்டில்பார்ல கொடி கட்டி பெல் அடிச்சுக்கிட்டு டவுனுக்குள்ள வந்தாங்க. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடுன்னு ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினாங்க, அந்த நடு பார்ல பிள்ளைய உக்கார வச்சுக்கலாம்னு அதையே விரும்பினவங்களும் உண்டு. நம்ம பக்கம் சொல்லிக்க என்ன இருக்குன்னா, 1949ல அம்பத்தூர்ல டிஐ சைக்கிள்ஸ ஆரம்பிச்சது காரைக்குடி பக்கத்துல இருக்குற பள்ளத்தூர் முருகப்பா குடும்பம், நம்ம ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் அங்கருந்து வந்ததுதான். பெருமைதான், இருந்தாலும் ஃபேக்டரிய விட ஓட்டின ஆளுங்கதான் எனக்குப் பெருசு, இந்த ரவுண்டு புதுக்கோட்டைக்கே.

மத்ததுல பெரிய வித்தியாசம் இல்ல. ரெண்டு ஊர்லயும் மிதிக்க முடியாத மேடு கிடையாது, பங்க்சர் ஒட்ட, கோட்டம் எடுக்க, பால்ரஸ் மாத்த ஆள் கிடைக்கும். ஞாயித்துக்கிழமை ரைடுன்னா அங்க சித்தன்னவாசல், இங்க குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, கானாடுகாத்தான், எதுலயும் குறை சொல்ல முடியாது.

எனக்கு முடிவு பண்ணிக்கொடுத்தது வீதிதான். புதுக்கோட்டையும் திட்டம் போட்டு அமைச்ச ஊருதான், திவான் சேஷய்யா சாஸ்திரி காலத்துல சீர்படுத்தினது, கீழ ராஜ வீதி மேல ராஜ வீதின்னு அகலமா நேரா இருக்கும், அழகு. ஆனா அந்த அகலமான வீதியிலதான் கடை, ஆட்டோ, லோடு வண்டி, பைக் எல்லாமே, சைக்கிள்காரனும் அதே கூட்டத்துலதான் போகணும், காலையில எட்டரை மணிக்கு ஸ்கூல் பிள்ளைங்க அதுக்குள்ள நுழைஞ்சு போறதப் பாத்தா எனக்கு வயித்தக் கலக்கும்.

காரைக்குடி பழைய ஊருக்குள்ள செட்டியார் வீடுங்க ஒரு வீதியில முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படின்னு போயி பின்வாசல் அடுத்த வீதியிலதான் முடியும். அதனால பாதி வீதிகள்ல ஒரு பக்கம் முழுக்க பின்சுவரும் சாத்தின கதவும்தான், கடை கிடையாது, பார்க்கிங் கிடையாது, நிறைய வீட்டுக்காரங்க வெளியூர்ல இருக்கறதால வண்டி வர்றதே கம்மி. பெரும்பாலான வீடு கிழக்குப் பாத்தது, அப்ப வீதி வடக்கு தெக்கா ஓடும், காலையில கிழக்கு பக்கத்துச் சுவரு நிழல் கொடுக்கும், சாயங்காலம் மேற்கு பக்கத்துது. நம்ம ஊரு ஏப்ரல் மே வெயில்ல இது எவ்வளவு பெரிய விஷயம்னு மிதிக்கிறவங்களுக்குத் தெரியும், உச்சி வெயில்ல மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது. செக்காலை ரோட்டையும் நூறடி ரோட்டையும் குறுக்க கடக்கிறதோட சரி, மத்தபடி கொப்புடையம்மன் கோயில், கல்லுக்கட்டி, ஆயிரம் ஜன்னல் வீடு பக்கம்னு எல்லாத்துக்கும் உள்வீதியிலயே போயிருவேன். எங்க பக்கத்து வீட்டு ஆச்சி இந்த வயசுலயும் பேத்திய கேரியர்ல வச்சு பாட்டு கிளாசுக்குக் கூட்டிப்போறாங்க, மெயின் ரோட்ல இது நடக்குமா?

ஒண்ணு சொல்லிரணும், இதெல்லாம் பழைய ஊருக்கு மட்டும். கழனிவாசல் தாண்டி புது நகர்கள்ல வீடு எடுத்தா இந்த நிழலும் அமைதியும் கிடையாது, அப்ப புதுக்கோட்டையோட ஒப்பிட்டா ரெண்டும் ஒண்ணுதான். மழைக்காலத்துல புதுக்கோட்டையில நான் அதிகம் ஓட்டினதில்ல, பஸ்லயே போயிட்டேன், அதனால தண்ணி தேங்குறத வச்சு நான் எதுவும் சொல்லல. கியர் சைக்கிள்ல வேகமா நீளமா போறவங்களுக்கு இந்த உள்வீதிங்க சரிப்படாது, முக்குக்கு முக்கு நிறுத்தணும்.

2024ல ரெண்டு ஊரையும் மாநகராட்சியா ஆக்கிட்டாங்க, இனி ரோட்ட அகலமாக்குற வேலை வரும். உள்வீதியில கைய வைக்காம, லாரி மட்டும் நுழையாம பாத்துக்கிட்டாலே காரைக்குடிக்குத் தனியா சைக்கிள் பாதைன்னு ஒண்ணு போட வேண்டியதில்ல. இங்க வீடு பாக்குறவங்க வாடகை பேசுறதுக்கு முன்னாடி காலையில எட்டு மணிக்கு ஒரு தடவ அந்த வீதியில போய் நின்னு பாருங்க, நிழல் எந்தப் பக்கம் விழுது, எத்தன வண்டி போகுது, வீட்டுக்குப் பின்வாசல் இருக்கான்னு. பின்வாசல் இருந்தா சைக்கிள படி ஏத்தாம அப்படியே உள்ள தள்ளிக்கிட்டுப் போயிரலாம்.