ஓஸி ஸ்மித்தா, கால் ரிப்கனா?

பேஸ்பாலில் இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நின்று பந்தைத் தடுப்பவர் ஷார்ட்ஸ்டாப். அந்த இடம் என்றாலே எனக்கு ஓஸி ஸ்மித்தான். 1978-இல் ஒரு பந்துக்கு இடப்பக்கம் பாய்ந்தார். அது தரையில் பட்டு எதிர்ப்பக்கம் எகிறியது. விழுந்துகொண்டே உறையில்லாத வலக்கையால் பிடித்து, எழுந்து முதல் தளத்துக்கு எறிந்தார். அவுட்! இன்றைக்குப் பார்த்தாலும் சிலிர்க்கிறது. சிறந்த ஃபீல்டிங்குக்குத் தரும் கோல்டு கிளவ் விருதுகள் 13, சும்மா வரவில்லை. ஆனால் பந்தை எல்லைக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன் என்று பார்த்தால், அவர் அடித்தது மொத்தமே 28.

இன்னொரு ஷார்ட்ஸ்டாப், பால்டிமோர் அணியின் கால் ரிப்கன் அடித்தது 431. ஆறடி நாலங்குல ஆள். 1982 முதல் 1998 வரை தொடர்ந்து 2,632 ஆட்டங்கள், ஒன்றைக்கூட விடவில்லை. அப்புறம்தான் ஒரு நாள் ஓய்வு கேட்டார்.

நீண்ட சீசனுக்கு ரிப்கன்தான் சரி. கடைசி இன்னிங்ஸில் ஒரு ரன் முன்னிலையைக் காக்க வேண்டுமா? எனக்கு ஓஸி வேண்டும்.