சாலையோரக் குறுங்காடு: நெருக்கி நடுவதா, இடைவெளி விட்டு நடுவதா?

மியாவாக்கி முறையில், அதாவது ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்த நெருக்கி நடும் முறையில், சதுர மீட்டருக்கு 3 கன்று. 100 சதுர மீட்டருக்கு 300. மூன்று மீட்டர் இடைவெளி விட்டால் 11 கன்றுதான். ஆனால் வேலையின் கனம் கன்றில் இல்லை, மண்ணில் இருக்கிறது. சாலையோர மண் ரோலர் ஏறி இறுகி, ஜல்லியும் கட்டட இடிபாடும் கலந்து கிடக்கும். நெருக்கி நட, முழு இடத்தையும் 1 மீட்டர் ஆழம் வரை கிளறி மக்கிய எரு கலக்க வேண்டும். பொக்லைன் இல்லாமல் தன்னார்வலர்களால் இது ஆகாது. கீழே கேபிளோ குடிநீர்க் குழாயோ போனால் இந்த முறையை மறந்துவிடுங்கள்.

இடைவெளி முறைக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் 60 செ.மீ. உள்ள குழி போதும். ஆனால் இறுகிய மண்ணில் அந்தக் குழி தொட்டியாகி, தேங்கும் நீர் வேரை அழுகச் செய்யும். நடுமுன் பக்கச் சுவர்களைக் கடப்பாரையால் குத்திப் பிளந்துவிட வேண்டும்.

நெருக்கத்தில் 2, 3 ஆண்டில் நிழல் மூடி, களை தானே அடங்கும். இடைவெளியில் களையெடுப்பு நீளும். புகைத்தூசியைத் தடுக்க நெருக்கமான புதரடுக்கே மேல். வண்டி இரைச்சல் குறையும் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள், சில மீட்டர் அகலப் பட்டைக்கு அவ்வளவு சக்தி கிடையாது. சாலைத் திருப்பத்தில் ஓட்டுநரின் பார்வை மறையும் என்பதால் அங்கே இடைவெளி முறைதான்.