பழைய லென்ஸை சர்வீஸுக்குக் கொடுத்து ஏமாந்தேன், நெல்லைப் பக்கத்து ஆட்கள் கவனிக்கவும்

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மேற்கே மலை தெரியும். சர்வீஸ் முடிந்து வந்த லென்ஸை மாட்டி அந்த மலையைப் பார்த்தேன், ரிங்கைக் கடைசிவரை திருகினாலும் ஃபோகஸ் ஆகவில்லை, நாலு வீடு தள்ளி இருக்கிற வேப்பமரம் வரைக்கும் பளிச்சென்று இருக்கிறது, அதற்கு அப்பால் எல்லாம் கஞ்சித்தண்ணி. பழைய லென்ஸை இன்றைய கேமராவில் மாட்டுகிற அடாப்டர் வளையத்தில் கோளாறாக இருக்குமோ என்று அதே அடாப்டரில் இன்னொரு எம்42 (திருகி மாட்டும் பழைய வகை) லென்ஸைப் போட்டேன். மலை கத்தி மாதிரி வந்தது.

லென்ஸ் என் மாமாவுடையது. ஜெனித் கேமராவோடு வந்த ரஷ்ய ஹீலியோஸ் 44-2, 58 எம்எம், எஃப்/2. தோல் உறையோடு பீரோவில் பல வருடம் கிடந்தது. எங்கள் ஊர் சாரல் காலத்தில் தோல் உறையில் எதை வைத்தாலும் பூசணம் பிடிக்கும், இதிலும் முன் கண்ணாடிக்கு உள்பக்கம் சிலந்தி வலை மாதிரி ஃபங்கஸ்.

நாலு வருடமாக லென்ஸ் பிரித்து மாட்டுகிறவன் எதற்கு வெளியே கொடுத்தான் என்று கேட்பீர்கள். போன வருடம் ஸ்பேனர் வழுக்கி ஒரு லென்ஸின் நடுக்கண்ணாடியில் கோடு போட்டவன் நான். மாமா சாமானில் கைவைக்க நடுங்கிவிட்டது, அவ்வளவுதான். திருநெல்வேலியில் ஒருவர் செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன், 2,800 ரூபாய் பேசி 1,000 அட்வான்ஸ். பத்து நாளில் போன். “அண்ணாச்சி, புதுசு மாதிரி ஆயிட்டு, வந்து வாங்கிக்கிடுங்க.” கடை வெளிச்சத்தில் பார்த்தேன், ஃபங்கஸ் இல்லை, ரிங் வெண்ணெய் மாதிரி சுற்றியது. மிச்சத்தைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

வீட்டில் டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தபோது வயிறு கலங்கியது. கோட்டிங் (வெளிச்சம் பட்டுத் திரும்பாமல் இருக்கக் கண்ணாடியில் போடும் மெல்லிய பூச்சு) உள்ள கண்ணாடியில் டியூப்லைட்டின் பிம்பம் நீலமாகவோ ஊதாவாகவோ தெரியும். இதில் ஒரு பிம்பம் நடுவில் மட்டும் வெள்ளையாக இருந்தது, எதையோ போட்டுத் தேய்த்து ஃபங்கஸோடு கோட்டிங்கையும் எடுத்துவிட்டார். ஃபங்கஸை எடுக்க மெடிக்கல் ஷாப்பில் புண் கழுவக் கொடுக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடும் பொறுமையும் போதும், பாலிஷுக்கு அங்கே வேலையே கிடையாது.

அப்புறம் நானே பிரித்தேன். கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரிங்கின் காடியைச் சுற்றிலும் கீறல், ஜியாமெட்ரி பாக்ஸ் டிவைடரால் நோண்டியிருப்பார் போல. ஃபோகஸ் மரையில் வண்டிக்குப் போடுகிற மஞ்சள் கிரீஸ். நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு அது உருகி, உள்ளே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பிளேடில் இறங்கும். 44-2 பிரிசெட் லென்ஸ், பிளேடைக் கையால் ரிங்கைத் திருப்பித்தான் மூட வேண்டும், ஸ்பிரிங் கிடையாது, எண்ணெய் பட்டாலும் எட்டு பிளேடும் அசையத்தான் செய்யும், ஆனால் அந்த எண்ணெய் ஆவியாகி உள் கண்ணாடியில் புகை மாதிரி படியும். மலை ஏன் தெரியவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது: இந்த மரை ஒற்றை மரை இல்லை, பல இடங்களில் கவ்வும். பிரியும்போது எந்த இடத்தில் பிரிந்தது என்று குறித்துவைத்து அதே இடத்தில் கவ்வவிட வேண்டும், மாறினால் தூரத்துப் பொருள் ஃபோகஸே ஆகாது. இவர் குறித்துவைக்கவே இல்லை.

போன் செய்தால், “பழைய சாமான்னா அப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி.”

பேர் போடவில்லை, சண்டை எனக்கு ஆகாது. ஆனால் நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் கொடுக்கும் முன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்து ஒரு போட்டோ, டியூப்லைட் பிம்பத்தோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், சீரியல் நம்பரும் தெரியட்டும். வாங்கும்போது அதே மாதிரி எடுத்து ஒப்பிடுங்கள். கேமராவையும் அடாப்டரையும் கூடவே கொண்டுபோய், கடை வாசலிலிருந்து கண்ணுக்கு எட்டிய கடைசிக் கோபுரத்தையோ டவரையோ ஃபோகஸ் செய்து பார்த்த பிறகு மிச்சக் காசை எடுங்கள். என்ன கிரீஸ் போடுவீர்கள் என்று கேளுங்கள், முழித்தால் லென்ஸை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மரையை ஏழு தடவை மாட்டிக் கழற்றி ஒருவழியாகச் சரிசெய்துவிட்டேன், மலை இப்போது தெரிகிறது. கோட்டிங் போனது போனதுதான், சாயங்கால வெயிலுக்கு எதிரே பிடித்தால் படம் முழுக்க வெளுத்துவிடுகிறது. மாமாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “சரி விடுடே மருமவனே, கல்யாண வீட்டுல எவன் வெயிலப் பாத்துப் படம் எடுப்பான்” என்றார்.